இனம் பார்த்துப் போடும் ஓட்டு: பற்றா, வெறுப்பா? பிரித்து அளக்க உதவி தேவை

அமெரிக்கத் தேர்தல் தரவில் இனம் பார்த்து ஓட்டுப் போடுவதை அளக்கும்போது ஒரே இடத்தில் சிக்கல்: சொந்த இனப் பற்றும் பிற இன வெறுப்பும் ஒரே எண்ணாகத்தான் வருகின்றன.

2008இல் கறுப்பின வாக்காளர்களில் சுமார் 95% பேர் ஒபாமாவுக்குப் போட்டார்கள். இனப்பற்று என்று முடித்துவிட முடியாது. 2004இல் அதே ஜனநாயகக் கட்சியின் வெள்ளை வேட்பாளரான ஜான் கெர்ரிக்கே சுமார் 88%. பெரும்பங்கு கட்சிதான்.

வாக்குச்சாவடி வாரியாக குட்மேன் ரிக்ரெஷன் (சாவடியின் இனக் கலவையையும் மொத்த வாக்கையும் வைத்து ஒவ்வோர் இனமும் எப்படிப் போட்டது என்று ஊகிக்கும் கணக்கு) போட்டால் சில இடங்களில் ஓர் இனத்தின் ஆதரவு 100%-ஐத் தாண்டுகிறது (அபத்தம்!). அரசியல் அறிவியலாளர் கேரி கிங்கின் முறையில் (அதே ஊகத்தை 0 முதல் 100%க்குள் அடக்குவது) அது வராது, ஆனால் வாக்காளரின் நோக்கம் தெரியாது. நேரடியாகக் கேட்டால் மழுப்புகிறார்கள். ஒரு கருத்துக்கணிப்பில் கட்சி, கொள்கையை மாற்றாமல் வேட்பாளரின் இனத்தை மட்டும் மாற்றிக் கேட்டும் பார்த்தாயிற்று: விளைவு தெரிகிறது, காரணம் தெரியவில்லை.

"நம்மவர் வரட்டும்" என்பதையும் "அவர் வரக்கூடாது" என்பதையும் தனித்தனியே காட்ட, அந்தக் கணிப்பில் எந்தக் கேள்வியைச் சேர்க்க வேண்டும்?