நம்மை உருவாக்கியவருக்கு நம்மை நினைவில்லை என்றால்?

கேள்வி: வரைபலகை

1986ஆம் ஆண்டு எனக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வழியில்லாமல், எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஹப்பைக் கழற்றிவிட்டால் கோன், பால்ரஸ், வாஷர் எல்லாம் எந்த வரிசையில் திரும்ப உள்ளே போக வேண்டும் என்பது எனக்கு அடிக்கடி மறந்துவிடும். முதலாளியிடம் குட்டு வாங்காமல் தப்பிப்பதற்காக, கடையின் பின்சுவரில் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சாக்பீசால் வரைந்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் பிற்பகல் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓர் ஓவர்சியர் வந்தார். நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடி, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவிக் காயவைத்த நேரம் முழுவதும் அவர் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை யார் வரைந்தது? இதற்கென்றே ஐ.டி.ஐ.யில் ஒரு படிப்பு இருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டவர், பையிலிருந்து ஒரு சிமென்ட் ரசீதை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பயிற்சி நிலையத்தின் முகவரியையும் விண்ணப்பிக்கக் கடைசி நாளையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு ஆண்டுகள் படவரைவாளர் பயிற்சி, பிறகு அரசு வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று என் வாழ்க்கை முழுவதும் அந்தச் சிறு தாளிலிருந்து கிளைத்ததாகவே நான் நினைத்து வந்திருக்கிறேன்.

சென்ற மாதம், பழைய அலுவலக நண்பர்கள் வழியாக விசாரித்து, அவருடைய வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நினைவு தெளிவாகவே இருக்கிறது. பேரன்களின் பிறந்தநாளைக்கூடத் தேதி மாறாமல் சொல்கிறார். பத்திரமாக வைத்திருந்த அந்த ரசீதைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் உங்களை எனக்கு நினைவில்லையே" என்றார்.

அன்றிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. ஒருவர் நம் வாழ்க்கையை வடிவமைத்தார் என்று நாம் நம்பும்போது, அது உண்மையிலேயே அவர் செய்த செயலா, அல்லது பின்னாளில் திரும்பிப் பார்த்து நாமாகக் கோத்துக்கொண்ட கதையா? உங்கள் அனுபவத்தையோ படிப்பையோ வைத்துச் சொல்லுங்கள்.

பதில் 1: தமிழாசிரியர்

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும் 1880 அக்டோபர் 21ஆம் தேதிதான் நினைவுக்கு வந்தது. சேலம் இராமசுவாமி முதலியார் முன்சீபாக மாற்றலாகிக் கும்பகோணத்துக்கு வந்திருந்தார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சொன்னதன்பேரில், அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து ஓராண்டுகூட ஆகாத உ.வே. சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனார். வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்று சொல்லியும் முன்சீபின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று தாம் படித்தவற்றை அடுக்கிச் சொன்னபோதும், "இதெல்லாம் படித்து என்ன பயன்?" என்ற பொருளில்தான் பதில் வந்தது. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டபோது, இல்லை என்பதைத் தவிர இளம் புலவரிடம் விடையில்லை.

நாம் எல்லோரும் இந்தக் காட்சியோடு நிறுத்திவிடுகிறோம். மேடைப் பேச்சுகளில் நூறு முறை கேட்டிருப்போம். நானே வகுப்பில் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் சிந்தாமணி அச்சேறியது 1887இல். முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு தொடங்கியவர், நச்சினார்க்கினியர் உரையில் வரும் சமயச் சொற்கள் விளங்காமல் திணறி, அந்தக் காப்பியத்தைப் பரம்பரையாகப் படித்துவந்த கும்பகோணத்துச் சைனர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். இடையில் கழிந்தவை ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளை விட்டுவிட்டு முதல் நாள் உரையாடலை மட்டும் திருப்பித் திருப்பிப் பேசுவது முதலியாருக்கும் நியாயமில்லை, ஐயருக்கும் நியாயமில்லை என்பது என் கருத்து. அந்தச் சைனக் குடும்பங்களை யாரும் மேடையில் நினைவுகூர்வதும் இல்லை.

உங்கள் ஓவர்சியர் சிமென்ட் ரசீதில் எழுதிக் கொடுத்தார். அதைக் கடைசி நாளுக்குள் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறியவர் நீங்கள். அவருக்கு மறந்துபோனது அவர் செலவழித்த ஐந்து நிமிடம். உங்களுக்கு மறக்காதது அதன்பிறகு நீங்கள் உழைத்த காலம் முழுவதும். இரண்டின் அளவும் ஒன்றாக இருக்க முடியாதல்லவா?

முதலியார் அந்த உரையாடலை எப்படி நினைவில் வைத்திருந்தார் என்று நாம் கேட்பதில்லை. ஐயர்தான் அறுபது ஆண்டுகள் கழித்து, 1940இல் ஆனந்த விகடனில் தன் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கி, தாம் தலைகுனிந்த அந்த நாளையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார்.

பதில் 2: எண்கணக்கு

கும்பகோணம் என்றதும் எனக்கு இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். உ.வே.சா. அந்தக் கல்லூரியை விட்டுச் சென்னைக்கு மாறியது 1903இல். ஸ்ரீநிவாச ராமானுஜன் அதே கல்லூரியில் சேர்ந்தது 1904இல். ஓராண்டு இடைவெளியில் தவறிய சந்திப்பு! நடந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது வேறு விஷயம். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் செலுத்தாத மாணவர் அவர்.

ராமானுஜனைப் பற்றிப் பேசும்போது அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட கணிதர் ஹார்டியைத்தான் சொல்கிறோம். நான் முதலில் வைப்பது திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசுவாமி ஐயரை. இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவர். 1910இல் ராமானுஜன் அவரிடம் போய்க் கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த ராமசுவாமி ஐயர் அந்த வேலையைத் தரவில்லை; வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் உட்கார்த்தி இந்த மூளையை மூச்சடைக்கச் செய்யத் தமக்கு மனம் வரவில்லை என்று பின்னாளில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். சோற்றுக்கு வழியில்லாமல் வந்த இளைஞருக்குக் கேட்ட வேலையைக் கொடுத்திருந்தால், ஊரே அவரைப் புண்ணியவான் என்று சொல்லியிருக்கும். அவரோ சென்னையிலிருந்த கணிதப் பேராசிரியர் சேஷு ஐயரிடம் அனுப்பினார். அங்கிருந்து நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ், அவர் தந்த மாதம் இருபத்தைந்து ரூபாய், 1912 மார்ச் முதல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளம், அங்கே மேலதிகாரியாக வாய்த்த நாராயண ஐயர் என்று ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு அந்த நோட்டுப் புத்தகங்கள் நகர்ந்தன. 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்ட கடிதம் ஹார்டியிடம் போய்ச் சேர்ந்தது இந்தக் கைமாற்றங்களுக்கெல்லாம் பிறகுதான்.

முந்தைய பதிலில் தமிழாசிரியர் பெரும்பங்கை உழைப்பவர் பக்கம் வைத்திருக்கிறார். அதை நான் முழுவதும் ஏற்கவில்லை. ஹார்டிக்கு முன்பே பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் கணிதர்களுக்கும் ராமானுஜன் எழுதியிருந்தார், பயன் கிடைக்கவில்லை. அதே மனிதர், அதே கணக்கு, அதே உழைப்பு. பெற்றுக்கொண்டவர் கண்தான் வேறு. உங்கள் சுவரில் இருந்த படத்தை அந்த வாரத்தில் எத்தனை வாடிக்கையாளர்கள் பார்த்திருப்பார்கள்? ஒருவர்தான் நின்று பார்த்தார். அது அவர் செய்த செயல்தான்; நினைவில் இருக்கிறதா இல்லையா என்பதனால் அது இல்லாமல் போய்விடாது.

பதில் 3: சந்தேகப்பிராணி

எல்லோரும் நெகிழ்ந்திருக்கும் இடத்தில் குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அந்த ஓவர்சியர் பேசும் பழக்கமுள்ள மனிதர் என்றால், வழியில் கண்ட இருபது பையன்களிடம் இதையே சொல்லியிருப்பார். பத்தொன்பது பேர் தாளைக் கசக்கிப் போட்டிருப்பார்கள். இருபதாமவர் இங்கே வந்து எழுதுகிறார். "மனிதர்கள் எல்லோரும் ஆறு கை தூரத்தில் இணைந்திருக்கிறார்கள்" என்ற புகழ்பெற்ற பேச்சும் இப்படித்தான். 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் ஜெஃப்ரி டிராவர்சும் 296 பேரிலிருந்து தொடங்கி, முன்பின் தெரியாத ஒருவருக்குத் தமக்குத் தெரிந்தவர்கள் வழியாகவே தபாலை அனுப்பச் சொன்ன சோதனையில், கைமாறிக் கைமாறி மாசசூசெட்ஸில் இருந்த அந்தப் பங்குத் தரகரிடம் போய்ச் சேர்ந்த தபால்கள் 64தான். மற்றவை வழியிலேயே நின்றுவிட்டன. சேர்ந்தவற்றின் சராசரியைத்தான் உலகம் கொண்டாடுகிறது.

இன்னொன்று. நல்லவர்கள் மட்டுமா நம்மை உருவாக்குகிறார்கள்? நான் முதன்முதலில் வேலை பார்த்த கடையில், கல்லாவில் காணாமல்போன நூறு ரூபாய்க்கு என் சட்டைப்பையை எல்லோர் முன்னிலையிலும் சோதித்தார்கள். பணம் மறுநாள் பேரேட்டுக்கு நடுவில் கிடைத்தது. இன்றுவரை எவர் பணத்தைத் தொட்டாலும் அவர் கண்ணெதிரே இரண்டு முறை எண்ணித்தான் கொடுக்கிறேன். அந்த முதலாளிக்கும் என்னை நினைவிருக்காது. அவரைத் தேடிப் போய் நன்றி சொல்ல எனக்கு எண்ணமும் இல்லை.

பதில் 4: எண்கணக்கு

சந்தேகப்பிராணிக்கு: கணக்கு சரிதான். ஆனால் அதே துறையிலிருந்து இன்னொரு கணக்கும் உண்டு. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் பாஸ்டனை அடுத்த நியூட்டனில், தெரிந்தவர் மூலம் புது வேலைக்குப் போனவர்களை விசாரித்து, 1973இல் வெளியான கட்டுரையில் அந்த விவரங்களைக் கொடுத்தார். வழிகாட்டியவரை அடிக்கடி சந்தித்து வந்ததாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது என்றவர்கள் 55.6, மிக அரிதாக என்றவர்கள் 27.8. காரணம் எளியது. நம் வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். புதுச் செய்தி அடுத்த வட்டத்திலிருந்துதான் வர வேண்டும். சைக்கிள் கடையைச் சுற்றியிருந்தவர்களில் ஒருவருக்கும் ஐ.டி.ஐ.யின் கடைசி நாள் தெரிந்திருக்காது.

பதில் 5: ஓய்வுபெற்ற செவிலி

நான் மறுபக்கத்தில் நின்றவள். அதனால் எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயதிருக்கும். "சிஸ்டர், என்னைத் தெரிகிறதா? எங்கள் அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தபோது டிரேயை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னீர்கள். உனக்குக் கை நடுங்கவில்லையே என்று சொன்னீர்கள். அதனால்தான் நர்சிங் சேர்ந்தேன்" என்றாள். இப்போது ஒரு மருத்துவமனையில் மேற்பார்வைச் செவிலியாக இருக்கிறாளாம். பேருந்து புறப்படும்வரை கையை விடவில்லை.

எனக்கு அவளையும் நினைவில்லை, அவள் அம்மாவையும் நினைவில்லை. பணியில் இருந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் எத்தனையோ கட்டுகளைப் பிரித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், நோயாளியின் உடன் வந்தவர்களிடம் டிரேயைக் கொடுப்பது விதிப்படி தவறு. அன்று வார்டில் ஆள் பற்றாக்குறையாக இருந்திருக்கும், அவ்வளவுதான். கை நடுங்கவில்லை என்று நான் சொன்னதும்கூட, டிரேயைக் கீழே போட்டுவிடாமல் இருக்க வேண்டுமே என்ற பயத்தில் தைரியம் சொன்னதாகத்தான் இருக்கும். யாருடைய வாழ்க்கையையும் மாற்றும் எண்ணம் எனக்குச் சிறிதும் இருந்திருக்காது.

ஆனால் அவள் முகத்தைப் பார்த்து, "நன்றாக நினைவிருக்கிறது அம்மா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. உங்கள் ஓவர்சியர் என்னைவிட நேர்மையானவர். அவருக்கு நினைவில்லாதது உங்களைப் பற்றிய மதிப்பீடு அல்ல. ஒருவேளை அவருக்கு அது ஒரு செயலாகவே தோன்றாமல் இருந்திருக்கலாம். வழி கேட்டவருக்குக் கை காட்டியதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? நீங்களும் எவருக்காவது அப்படி ஒரு தாளைக் கொடுத்திருப்பீர்கள். யாருக்கு என்று கேட்டால் உங்களுக்கும் சொல்லத் தெரியாது.

கேள்வி கேட்டவர்: வரைபலகை

எல்லோருக்கும் நன்றி. செவிலி அம்மா கடைசியாகக் கேட்டதை இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பலருக்கு வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நல்லதாக ஒரு சொல் சொன்னது என்று கேட்டால் ஒருவர் முகமும் வரவில்லை. திட்டியது மட்டும் இரண்டு மூன்று நினைவிருக்கிறது. சந்தேகப்பிராணி சொன்ன அந்த முதலாளியின் வரிசையில் நானும் எங்கேயாவது இருக்கக்கூடும்.

முதலில் எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். அன்று விடைபெற்று நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்தார். இவ்வளவு நேரமும் அவர் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "எல்லாம் சரி தம்பி, அன்று அந்தப் பஞ்சருக்குக் காசு கொடுத்தேனா?" என்று கேட்டார்.

அவர் கொடுக்கவில்லை. ரசீதில் எழுதிக் கொடுத்த அவசரத்தில் அவரும் மறந்து, நானும் கேட்க மறந்து, அன்று மாலை முதலாளி அதை என் கூலியில் பிடித்துக்கொண்டார்.

"கொடுத்தீர்கள் ஐயா" என்றேன்.