பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் புற்றுநோய்: புண்ணை மட்டும் எடுத்தால் போதுமா?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். அம்மாவுக்கு 66 வயது. வலது பெரிய இதழில் 2.5 செ.மீ. புண். பயாப்சி ரிப்போர்ட்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (தோலின் மேலடுக்குச் செல்களில் வரும் புற்றுநோய்), ஆழம் 3 மி.மீ. என்று இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் தொடையிடுக்கில் நெறி எதுவும் இல்லை. புண்ணைச் சுற்றித் தோல் வெளுத்து மெலிந்திருக்கிறது, அரிப்பு பல வருடமாக உண்டு. உள்ளூர் மகப்பேறு மருத்துவர், "நெறிதான் இல்லையே, புண்ணை மட்டும் அடுத்த வாரமே எடுத்துவிடலாம்" என்கிறார். அது போதுமா? பெரிய மையத்தில் கூடுதலாக என்ன செய்வார்கள்?

அறுவை அரங்கு:

போதாது. அந்தத் தேதியைத் தள்ளி வையுங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் முடிவைத் தீர்மானிப்பது அந்த 3 மி.மீ. ஆழம்தான். புண் 2 செ.மீ.க்குள் இருந்து, ஆழமும் 1 மி.மீ.யைத் தாண்டாமல் இருந்தால்தான் 1ஏ நிலை. அப்போதுதான் இடுக்கைத் தொடாமல் விடலாம். அம்மாவுக்கு இப்போதைக்கு 1பி. ஸ்கேனில் படாத நுண்ணிய புற்றுப் படிவு நிணநீர் முடிச்சுக்குள் இருக்கலாம். இதழில் நோய் திரும்பினால் மறுபடி வெட்டி எடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். இடுக்கில் திரும்பினால் காப்பாற்றுவது மிகவும் கடினம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதற்காக எல்லா முடிச்சுகளையும் சுரண்டி எடுக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு புண், அதுவும் 4 செ.மீ.க்குக் குறைவு, இடுக்கு சுத்தமாகத் தெரிகிறது என்றால் சென்டினல் முடிச்சுப் பரிசோதனை செய்யலாம். புண்ணிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சை மட்டும் தேடி எடுக்கும் முறை இது. முந்தைய நாளோ அன்று காலையோ டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்தைப் புண்ணின் ஓரத்தில் நாலு புள்ளியில் தோலுக்குள் ஊசியாகப் போட்டுப் படம் எடுப்பார்கள். மயக்கம் கொடுத்தபின் அதே இடங்களில் நீலச் சாயம் போட்டு, கதிரியக்கத்தை உணரும் காமா கருவியால் இடுக்கில் தேடுவார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போனால் பயப்பட வேண்டாம், சாயம்தான்.

முதலில் புண்ணை வெட்டிவிட்டுப் பிறகு வந்தால், ஊசி போட வேண்டிய ஓரமே இருக்காது. தழும்பைச் சுற்றிப் போட்டால் கிடைக்கும் வரைபடத்தை முழுக்க நம்ப முடியாது. கடைசியில், தப்பித்திருக்கக்கூடிய பெரிய அறுவையே தலையில் வந்து விழும்.

புண்ணின் உள்விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 1 செ.மீ.க்கு மேல் தள்ளி இருந்தால் வலது இடுக்கு மட்டும் போதும். நெருங்கி இருந்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

முடிச்சு சுத்தம் என்றால் இடுக்கு வேலை அத்தோடு சரி. நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், ஒற்றைப் புண்ணும் சுத்தமான சென்டினல் முடிச்சும் இருந்த பெண்களில் 2.3 சதவீதத்தினருக்கே இடுக்கில் நோய் திரும்பியது. முடிச்சில் 2 மி.மீ. வரை படிவு இருந்தால், மீதி முடிச்சுகளை எடுக்காமல் இடுக்குக்கு 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு போதும் என்று 2021-இல் வந்த அடுத்த ஆய்வு காட்டியது. 2 மி.மீ.க்கு மேல் என்றால் கதிர்வீச்சு மட்டும் போதவில்லை. முடிச்சுகளை முழுதாக எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் கதிர்வீச்சும் தர வேண்டும்.

நோய்க்குறியியல் மேசை:

ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஆழத்தை மறுபடி அளக்க வேண்டும், 1 மி.மீ. ஓரத்தில் நிற்கும் ரிப்போர்ட்டுகள் மறு ஆய்வில் மாறுவதுண்டு. ரத்த, நிணநீர்க் குழாய்க்குள் செல்கள் புகுந்திருக்கிறதா, ஓரத் தோலில் லைக்கன் ஸ்க்ளீரோசஸ் (தோல் வெளுத்து மெலிந்து அரிக்கும் நாள்பட்ட நோய்) இருக்கிறதா என்றும் எழுதச் சொல்லுங்கள்.

பி16, பி53 என்ற புரதங்களைக் காட்டும் சாயங்களும் போடச் சொல்லலாம். இந்த நோய் வருவது இரண்டு வழியில். ஒன்று எச்.பி.வி. வைரஸ்; அதில் பி16 படரும். இன்னொன்று, வயதானவர்களில் லைக்கன் ஸ்க்ளீரோசஸ் வழியாக வருவது. அதில் பெரும்பாலும் பி53 கெட்டிருக்கும். நீங்கள் சொல்லும் வெளுத்த தோல் இரண்டாவதை நினைக்க வைக்கிறது. அந்த வகை அதே தோலில் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல்.

வைகைக்கரை:

மிக்க நன்றி. எங்கே போகலாம்? காப்பீட்டு அட்டை இருக்கிறது.

அறுவை அரங்கு:

அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., புதுவை ஜிப்மர் என்று போகலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் எங்கே செல்லும் என்று அட்டையைக் காட்டி முன்கூட்டியே கேளுங்கள். தொலைபேசியில் இதைக் கேளுங்கள்: மகளிர் புற்றுநோய் அறுவைப் பிரிவு தனியாக உண்டா, வல்வா (பெண்ணுறுப்பின் வெளிப்பகுதி) புற்றுநோய்க்கு சென்டினல் முடிச்சு எடுக்கிறார்களா? அரிய நோய் இது. அடிக்கடி செய்கிற கைதான் வேண்டும்.

வார்டு சிஸ்டர்:

அறுவைக்குப் பிறகு தையல் போட்ட காயம் பிரிவதுதான் அதிகம் நடக்கும் தொந்தரவு. ஈரமும் உரசலும்தான் காரணம். சிறுநீர் கழிக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் எரிச்சல் குறையும். பிறகு துடைக்காமல் ஒற்றி எடுங்கள். தளர்ந்த பருத்தி உள்ளாடை, இல்லாவிட்டால் வீட்டில் சேலை மட்டும். தரையில் குந்தி உட்காருவது தையல் ஆறும்வரை வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் கமோடு நாற்காலி வாங்கி வையுங்கள். மலம் இறுகாமல் மருந்து கேட்டு வாங்குங்கள்.

முடிச்சுகளை முழுதாக எடுக்க நேர்ந்தால் கால் வீக்கம் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். ஒரு முள் கீறல் போதும், கால் சிவந்து காய்ச்சல் வரும். வந்தால் அன்றே ஆண்டிபயாட்டிக் தொடங்க வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

தோல் பிரிவு:

மீதியிருக்கும் வெளுத்த தோலை மறந்துவிடாதீர்கள். லைக்கன் ஸ்க்ளீரோசஸ் உறுதியானால், அறுவைக் காயம் ஆறியபின் குளோபீட்டசால் (வீரியமான ஸ்டீராய்டு) 0.05 சதவீத ஆயின்ட்மென்ட்: முதல் மாதம் தினமும் இரவு, அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. ஒரு தடவைக்கு விரல் நுனி அளவு, அதாவது அரை கிராம். 30 கிராம் டியூப் மூன்று மாதத்துக்கு வர வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் ஆண்டிபயாட்டிக்கும் கலந்து விற்கும் க்ரீமை இனி தொடவே வேண்டாம்.

பரிசோதனை முதல் இரண்டு வருடம் 3–4 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு இருமுறை. ஐந்து வருடம் ஆனதும் நிறுத்துகிற நோய் அல்ல இது. இடையில் புதுப் புண், தடிப்பு, ரத்தக் கசிவு எது தெரிந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் அழைத்துப் போங்கள்.