குடும்பக் குழு: சித்தப்பா வீட்டு டாக் (DAC, கம்ப்யூட்டர் தரும் எண்களை ஒலியாக்கும்) கருவியில் இரைச்சல்

சனி, காலை 9:10

சேகர் சித்தப்பா: வித்யாம்மா, புது டாக் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் செருகினேன். சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் பாட்டு பழையபடி மானிட்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. டிரைவர் ஏதாவது போட வேண்டுமா?

வித்யா: உங்களிடம் இருப்பது விண்டோஸ் 10 தானே சித்தப்பா? தனியாக எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. யூஎஸ்பி ஆடியோ 2 (யூஎஸ்பி வழியாக ஒலி அனுப்பும் முறை)-க்கான டிரைவர் 2017-ல் வந்த பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே இருக்கிறது. டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் டாக்கின் பெயர் இருக்கிறதா?

சேகர் சித்தப்பா: இல்லை. மானிட்டர் பெயர் மட்டும்தான்.

கதிர்: கேபிள் டாக்கோடு வந்ததா சித்தப்பா?

சேகர் சித்தப்பா: அது ஒரு முழம்கூட இல்லையப்பா, எட்டவில்லை. பழைய செல்போன் சார்ஜர் கேபிளைப் போட்டிருக்கிறேன்.

வித்யா: அதுதான் காரணமாக இருக்கும். சில சார்ஜர் கேபிள்களில் மின்சாரம் போகும் இரண்டு கம்பிகள் மட்டும் இருக்கும், டேட்டா கம்பிகள் இருக்காது. விளக்கு எரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு டாக் இருப்பதே தெரியாது. இப்போதைக்குப் பெட்டியோடு வந்த கேபிளையே போட்டுப் பாருங்கள்.

சேகர் சித்தப்பா: பெயர் வந்துவிட்டது! பாட்டும் வருகிறது. யூஎஸ்பி ஹப்பை (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) மேஜைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து அதில் செருகினேன்.

காலை 10:25

சேகர் சித்தப்பா: வித்யா, நாதஸ்வரம் அருமையாகக் கேட்கிறது. ஆனால் நடுநடுவே டப் டப் என்று வெட்டுகிறது. தவில் அடியா வெட்டா என்றே தெரியவில்லை. பின்னால் ம்ம்ம் என்று ஓர் இரைச்சலும் இருக்கிறது.

வித்யா: அவை இரண்டும் வேறு வேறு கோளாறு சித்தப்பா, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் வெட்டு. அந்த ஹப்பில் வேறு என்னென்ன இருக்கின்றன?

சேகர் சித்தப்பா: வெப்கேம், பாட்டெல்லாம் இருக்கிற ஹார்ட் டிஸ்க், கீபோர்ட்.

கதிர்: ஹார்ட் டிஸ்க் அதே ஹப்பில் ஒழுங்காகத்தானே ஓடுகிறது? அப்போது ஹப் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வித்யா: அப்படிச் சொல்ல முடியாது அண்ணா. கோப்பு படிக்கும்போது டேட்டா கெட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அதையே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும், நமக்குத் தெரியாது. யூஎஸ்பி ஒலியில் அப்படித் திரும்பக் கேட்கும் வழக்கம் இல்லை. வர வேண்டிய நேரத்தில் வராத துண்டு போனது போனதுதான். அதுதான் டப் என்று கேட்கிறது. அதோடு யூஎஸ்பி 2 போர்ட் ஒன்று தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். தனி அடாப்டர் இல்லாத ஹப் என்றால் ஹார்ட் டிஸ்க்கும் டாக்கும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

வித்யா: சித்தப்பா, டாக்கை மட்டும் ஹப்பிலிருந்து எடுத்து கேபினட்டின் பின்பக்கத்தில் நேராகச் செருகுங்கள். முன்பக்கத்தை விடப் பின்பக்கம் மேல், அங்கே போர்ட்டுகள் மதர்போர்டிலேயே இருக்கும். வேறு எதையும் இப்போது மாற்ற வேண்டாம், இல்லாவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

சேகர் சித்தப்பா: கேபினட்டையே மேஜை மேல் ஏற்றிவிட்டேன், கேபிள் எட்டுகிறது. ஒரு ராகம் முழுக்கக் கேட்டேன், வெட்டே இல்லை. ம்ம்ம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சேகர் சித்தப்பா: 🎤 குரல் பதிவு 0:14

வித்யா: கேட்டேன். மவுஸை நகர்த்தும்போது அந்தச் சத்தம் மாறுகிறதா, கீச்சென்று ஏதாவது சேர்கிறதா?

சேகர் சித்தப்பா: இல்லை, ஒரே சீராக இருக்கிறது.

வித்யா: அப்படியானால் இது கரண்ட் இரைச்சல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த 50-உம் அதன் மடங்குகளும்தான் இப்படி அடித்தொண்டையில் கேட்கும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, டாக்கிலிருந்து அதற்கு ஒலியைக் கொண்டு போகிற ஆர்சிஏ ஒயர்களை உருவிவிடுங்கள். பிறகு டாக்கிலேயே ஹெட்ஃபோனைப் போட்டுக் கேளுங்கள்.

சேகர் சித்தப்பா: சுத்தமாக இருக்கிறது! இரைச்சலே இல்லை.

வித்யா: நல்லது, உங்கள் டாக்கில் குறை இல்லை. கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஆம்ப்ளிஃபயரில் வேறு என்ன இணைத்திருக்கிறீர்கள்?

மீனா சித்தி: டிவி செட்டாப் பாக்ஸும் அதில்தான் இருக்கிறது வித்யா. நாங்கள் சீரியல் பார்ப்பது அந்தச் சத்தத்தில்தான். டிவியை அணைத்தாலும் இன்றைக்கு ம்ம் என்கிறது, நேற்று வரை இல்லை.

வித்யா: சித்தி, நீங்கள் சொன்னதுதான் முக்கியமான துப்பு. சித்தப்பா, ஒயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, செட்டாப் பாக்ஸின் பின்னால் வெளியிலிருந்து வருகிற கேபிள் டிவி ஒயரை மட்டும் கழற்றுங்கள்.

சேகர் சித்தப்பா: நின்றுவிட்டது!! திரும்ப மாட்டினால் வருகிறது.

வித்யா: கிரவுண்ட் லூப். கம்ப்யூட்டருக்கு வீட்டு எர்த் இருக்கிறது. கேபிள் டிவி ஒயரின் மேல் உறை வெளியே எங்கோ வேறு இடத்தில் எர்த் ஆகியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். நேற்று வரை ஆம்ப்ளிஃபயரில் டிவி பக்கம் மட்டும்தான் இருந்தது. இன்று டாக் வழியாகக் கம்ப்யூட்டரும் சேர்ந்ததால் வளையம் மூடிக்கொண்டது. அதில் ஓடுகிற கரண்ட்தான் ஸ்பீக்கரில் கேட்கிறது.

கதிர்: அவ்வளவுதானே? கம்ப்யூட்டர் பிளக்கின் பெரிய பின்னைக் கழற்றிவிட்டால் வளையம் அறுந்துவிடும். எங்கள் ஆபீஸ் மைக் செட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

வித்யா: அண்ணா, தயவுசெய்து வேண்டாம். சித்தப்பா, அதைச் செய்யாதீர்கள். இரைச்சல் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் உயிருக்கு ஆபத்து. அந்த எர்த் பின் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பதே அது முதலில் தொட வேண்டும் என்பதற்காக. கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டைத் தொட்டதும் சுர்ரென்று இழுக்கும். உள்ளே ஒயர் எதுவும் உரசிவிட்டால் 230 வோல்ட்டும் தகரத்துக்கே வந்துவிடும், டாக், ஆம்ப்ளிஃபயர் வரைக்கும். வீட்டில் பேரன் தவழ்கிறான்.

மீனா சித்தி: யாரும் எந்தப் பின்னையும் தொடக் கூடாது. சொல்லிவிட்டேன்.

கதிர்: புரிந்தது. சரி, வேறு வழி?

வித்யா: ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் இணைப்பு இருந்தால் டிவியை அதில் போட்டுவிடலாம், கண்ணாடி போன்ற இழையில் வெளிச்சமாகப் போவதால் மின் தொடர்பே இருக்காது. சித்தப்பாவுடையது பழையது, இருக்காது என்று நினைக்கிறேன். அதனால் ஆர்சிஏ கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று வாங்குங்கள். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும், ஒலி கடக்கும், எர்த் தொடர்பு அறுந்துவிடும். அதை செட்டாப் பாக்ஸ் பக்கம் போட வேண்டும், டாக் பக்கம் போடாதீர்கள். மலிவான டிரான்ஸ்ஃபார்மர் அடிநாதத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். செய்திக்கும் சீரியலுக்கும் அது பரவாயில்லை, தவிலுக்குப் பெரிய இழப்பு.

கதிர்: நாளைக்கு நானே வாங்கி வருகிறேன். டாக்குக்கு நல்ல டேட்டா கேபிள் ஒன்றும்.

ஞாயிறு, மாலை 6:40

கதிர்: மாட்டியாகிவிட்டது. டிவி ஓடும்போதும் இரைச்சல் இல்லை.

சேகர் சித்தப்பா: ரொம்ப சந்தோஷம் வித்யாம்மா. ஒரே ஒரு சந்தேகம். செட்டிங்ஸில் 384000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. அதையே வைத்துவிடட்டுமா?

வித்யா: வேண்டாம் சித்தப்பா. உங்கள் பாட்டெல்லாம் சிடியிலிருந்து எடுத்தவை, அவை 44100, அதாவது ஒரு நொடி ஒலிக்கு அத்தனை எண்கள். அதற்கு மேல் வைத்தால் விண்டோஸ் இடையில் எண்களை நிரப்பித்தான் அனுப்பும், பதிவில் இல்லாத எதுவும் புதிதாக வராது. 24 பிட், 44100 வையுங்கள்.

சேகர் சித்தப்பா: வைத்துவிட்டேன். அப்பாவின் பஜனை கேசட்டுகளையும் இதன் வழியாகவே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாமா?

வித்யா: இதில் முடியாது. டாக் எண்ணை ஒலியாக்கி வெளியே தருகிற கருவி, ஒலியை உள்ளே வாங்காது. அதற்கு லைன் இன் (ஒலியை உள்ளே வாங்கும் துளை) உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுத்து வருகிறேன். அதுவரை கேசட்டுகளை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், அதன் காந்தம் பதிவைக் கெடுத்துவிடும்.

மீனா சித்தி: இப்போது அங்கேதான் இருக்கின்றன. இதோ எடுத்து பீரோவில் வைக்கிறேன்.