எழுதினால்தான் பேர் கிடைக்குமா?

வெள்ளவத்தைக் கணக்கன் (2024 மே)
கணக்காய்வு நிறுவனமொன்றில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். போன மாதம் பதவி உயர்வு எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போய்விட்டது. வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் லிங்க்ட்இன் என்ற தொழில்சார் சமூக வலைத்தளத்தில் வாரத்துக்கு இரண்டு பதிவு போடுகிறவர். "உங்களை வெளியில் யாருக்கும் தெரியவில்லையே" என்றார் முகாமையாளர். மார்ச் கணக்குகளை இரவு பதினொரு மணிவரை இருந்து முடித்தவன் நான். தன் பெயரைத் தானே விளம்பரப்படுத்தும் இந்தத் 'தனிநபர் பிராண்ட்' இல்லாமல் கொழும்பில் மேலே வர முடியாதா?

பழைய பேரேடு
தம்பி, பிராண்ட் சோப்புக் கட்டிக்கு வேண்டும். 1997 இல் டொம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கர் சஞ்சிகையொன்றில் எழுதி இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டார், இன்னும் ஓயவில்லை. கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த தையற்காரரின் கடைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. அவர் தைத்த சட்டைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாலும் நூல் எங்கே தொடங்கியது என்று பிடிபடாது. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே துணி வாங்குவதை நிறுத்திவிடுவார். அவர் என்ன பதிவு போட்டார்?

அதோடு, வாடிக்கையாளர் விவகாரத்தைக் கணக்காய்வாளர் வெளியே சொல்லக்கூடாது. பிறகு எதை எழுதுவீர்கள்? விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்புவதைப் பற்றியா?

கடற்காற்று
ஐயா, தையற்காரரிடம் ஆள் அனுப்பியவர்கள் அதே தெருக்காரர்கள். எங்களுக்காக வாய் திறக்கக்கூடியவர்கள் எங்கே? 2022 நெருக்கடிக்குப் பிறகு என் முதல் முகாமையாளர் மெல்பேர்னில், இரண்டாமவர் டுபாயில். பத்து வருடமாகச் சம்பாதித்த நல்ல பெயர் அவர்களோடு விமானம் ஏறிவிட்டது. புதிதாக வந்தவருக்கு நான் ஓர் ஊழியர் இலக்கம்.

பழைய பேரேடு
அதற்காக வாடகை வீட்டில் மாடி கட்டுவதா? லிங்க்ட்இன்னை மைக்ரோசொஃப்ட் 2016 இல் 2,620 கோடி டொலருக்கு வாங்கியது. உங்கள் பதிவு யார் கண்ணில் படவேண்டும் என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

ஆட்சேர்ப்பு அக்கா
கொஞ்சம் பொறுங்கள். ஆள் எடுப்பது என் வேலை. அண்மையில் ஒரே பதவிக்கு இரண்டு சுயவிபரக்கோவைகள் வந்தன. ஒருவருடைய பக்கத்தில் தினமும் வெற்றி மொழிகள்; கீழே அவருடைய கந்தோர்க்காரர்களின் கைதட்டல். மற்றவர் எழுதியதே நாலைந்து பதிவு, அதுவும் தமிழில். 2024 ஜனவரியில் வற் எனும் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 18 சதவீதமானது; பதிவு செய்வதற்கான வருட விற்பனை வரம்பும் 80 மில்லியனிலிருந்து 60 மில்லியன் ரூபாயாக இறங்கியது அல்லவா? புறக்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் புதிதாக வற் பதிவுக்குள் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று விளக்கியிருந்தார். கோடு போட்ட கொப்பித் தாளில் பேனாவால் மாதிரி விலைப்பட்டியல் ஒன்றை வரைந்து, வற் தொகையைத் தனி வரிசையில் காட்டி, படம் எடுத்துப் போட்டிருந்தார். எந்த வாடிக்கையாளரின் பெயரும் இல்லை. அவரை வேலைக்கு எடுத்ததற்கு அந்தத் தாள் காரணமில்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம்.

பழைய பேரேடு
தமிழில் எழுதினால் எந்த முகாமையாளர் படிப்பார்?

கடற்காற்று
கடைக்காரர் படிப்பார். நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டுகிறவர் அவர்தானே, ஐயா.

வெள்ளவத்தைக் கணக்கன்
நேற்றிரவு ஒன்று எழுதிப் பார்த்தேன். தொடக்கம் இது: "உங்கள் புடவைக் கடையின் வருட விற்பனை 60 மில்லியனைத் தாண்டாவிட்டால் வற் பதிவைப் பற்றிக் கவலை வேண்டாம்." போடலாமா?

பழைய பேரேடு
போடாதீர்கள், பிழை. இந்த 2024 விதிப்படி, ஒரு காலாண்டில் 15 மில்லியனைத் தாண்டினாலும் பதிய வேண்டும். தீபாவளியும் நத்தாரும் ஒரே காலாண்டில் வருகின்றன. புடவைக் கடைக்காரர் அங்கேதான் மாட்டுவார். அதை முதல் வரியில் வையுங்கள். எழுதுவது வீண் வேலை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. எழுதுவதென்றால் சரியாக எழுதுங்கள், திருத்தியதும் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள்.