கிழக்கில் தரவு மையம்: கச்சான் காற்றுக் காலத்தில் யாருடைய தண்ணீரில் குளிரும்?

வாவிக்கரையான்:

சிங்கப்பூர் 2019 இல் புதிய தரவு மையங்களுக்கு (தரவைச் சேமிக்கும் சேர்வர் கணினிகளை அடுக்கி வைக்கும் கட்டடங்களுக்கு) அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. நாட்டு மின்சாரத்தில் 7 சதவீதம் அவற்றுக்கே போய்க்கொண்டிருந்தது. 2022 இல் தடையைத் தளர்த்தினார்கள். 2023 இல் வெப்ப நாட்டுத் தரவு மையங்களுக்கென்றே ஒரு தரநிலை வெளியிட்டார்கள். சேர்வர் அறையை 20, 22 பாகையில் நடுங்க வைக்க வேண்டாம், 26 பாகைக்கும் மேலே கொண்டு போகலாம் என்பதுதான் அதன் சாரம். ஒவ்வொரு பாகை கூட்டும்போதும் குளிரூட்டச் செலவாகும் மின்சாரத்தில் 2 முதல் 5 சதவீதம் மிஞ்சுமாம். அந்த ஊர்ப் புழுக்கம் நமக்குப் புதிதல்ல. பிறகேன் இலங்கையில் சேர்வர் என்றாலே எல்லாரும் கொழும்பைக் காட்டுகிறார்கள்?

கிழக்கில் ஒன்று அமைக்க நான் சொல்லும் இடம் மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனை காகித ஆலை. சிரிக்காதீர்கள். கூகிள் 2009 இல் பின்லாந்தின் ஹமினாவில் வாங்கியதும் மூடிக்கிடந்த ஒரு காகித ஆலையைத்தான். அந்த ஆலைக்குக் கடல்நீர் கொண்டுவர வெட்டியிருந்த சுரங்கத்தாலேயே 2011 இலிருந்து சேர்வர்களைக் குளிர்விக்கிறார்கள். நமக்கும் வைக்கோலில் காகிதம் செய்த ஆலை இருக்கிறது, பக்கத்தில் களப்பு, அப்பால் கடல், ரயில் பாதை. ஒரு மெகாவாட்டில் சின்னதாகத் தொடங்கலாம். எதிர்ப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

வட்டவிதானை:

கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் கணக்குக் கேட்கிறீர்கள், சரி.

ஹமினாவில் கடல் குளிர்காலத்தில் உறையும். வாழைச்சேனைக்குப் பக்கத்தில் பாசிக்குடாக் கடலில் இறங்கிப் பாருங்கள், 28, 29 பாகை. அந்தத் தண்ணீரால் 22 பாகை அறை கிடைக்காது, 26 பாகையும் கிடைக்காது. அப்போது என்ன செய்வார்கள்? எல்லாரும் செய்வதுபோலக் குளிரூட்டும் கோபுரம் வைத்து நல்ல தண்ணீரை ஆவியாக்குவார்கள். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வேண்டும். ஒரு மெகாவாட் வெப்பத்தை இப்படி வெளியேற்றினால் நாளொன்றுக்கு 35,000 லீற்றர் போகும். கோபுரத்தில் உப்புச் சேராமலிருக்க வெளியே விடும் தண்ணீர் இதில் சேரவில்லை. ஆளுக்கு 120 லீற்றர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 300 பேருடைய தண்ணீர். மட்டக்களப்புக்குக் குடிநீர் தருவது உன்னிச்சைக் குளம், அம்பாறைக் கரையோரத்துக்குக் கொண்டவட்டவான் குளம். ஆடி மாதம் இரண்டும் எப்படிக் கிடக்கும் என்று கொழும்பில் இருந்து படம் வரைபவர்களுக்குத் தெரியாது.

பைனரி:

சேர், 35,000 லீற்றர் சரி. அதே கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். கோடை நெற்பயிர்க் காலமான 120 நாள் சிறுபோகத்துக்குப் பெருக்கினால் 3.4 ஏக்கர் அடி வரும் (ஒரு ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஒரு ஏக்கர் அடி). சிறுபோகத்தில் ஒரு ஏக்கர் நெல்லே அதைவிடக் கூடக் குடிக்கும். ஆக ஒரு மெகாவாட் தரவு மையம் என்பது தண்ணீர்க் கணக்கில் ஒரு ஏக்கர் வயல்கூட இல்லை. அம்பாறையின் பெரிய குளமான சேனநாயக்க சமுத்திரத்தை நம்பி எத்தனை ஆயிரம் ஏக்கர் கிடக்கிறது? 300 பேர் என்று சொன்னால் பெரிதாகத் தெரிகிறது, ஒரு ஏக்கர் என்றால் ஒன்றுமில்லாமல் போகிறது. நீங்கள் வேண்டுமென்றே முதல் அளவுகோலை எடுக்கிறீர்கள்.

வட்டவிதானை:

தம்பி, வயலும் சேர்வரும் ஒன்றா? குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் பொறியியலாளர் மட்டத்தைச் சொல்வார். இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவாகும். சண்டை வரும், கதிரை பறக்கும், ஆனால் கடைசியில் வட்டையில் (வயல்வெளியில்) பாதி தரிசாகக் கிடக்கும். மாரி வந்ததும் மறுபடி விதைப்போம். உன் சேர்வர் அந்தக் கூட்டத்துக்கு வருமா? "இந்தப் போகம் பாதியை நிறுத்துகிறேன்" என்று கையெழுத்துப் போடுமா? வருடம் 365 நாளும் குறையாமல் வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதுவார்கள். மட்டம் இறங்க இறங்க அந்த ஒரு ஏக்கர்தான் கடைசிவரை ஈரமாக இருக்கும். அளவு எனக்குப் பிரச்சினையில்லை, விட்டுக்கொடுக்காத தன்மைதான் பிரச்சினை.

கட்டார்_சில்லர்:

அஸ்ஸலாமு அலைக்கும். ஊர் அக்கரைப்பற்று, தொழில் கட்டாரில் பெரிய குளிரூட்டி இயந்திரங்கள் பார்ப்பது. இரண்டு பக்கமும் ஒரு விடயத்தை விடுகிறீர்கள்.

மண்பானைத் தண்ணீர், வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும்போது சில்லென்று இருக்கும், மாரியில் இருக்காது. குளிரூட்டும் கோபுரமும் அதே வித்தைதான். கச்சான் நண்பகல் 35 பாகை, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வையுங்கள். தண்ணீரை ஆவியாக்கி அதிகபட்சம் 26 பாகை வரை இறக்கலாம், அதற்குக் கீழே இயற்கை விடாது. மாரியில் 27 பாகை, 90 சதவீதம். அப்போதும் எல்லை அதே 26 தான். அதாவது மாரியில் தண்ணீரை ஆவியாக்கி ஒரு பாகைதான் லாபம், கச்சானில் ஒன்பது பாகை. ஆவியாக்கும் ஆசை உச்சத்தில் இருக்கும் மாதமும் குளம் அடிமட்டத்தில் இருக்கும் மாதமும் ஒன்றுதான். வாத்தியாருக்கு இது உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. தம்பி போகம் முழுவதற்கும் ஒரே சராசரி போட்டு அதை மறைக்கிறார்.

இரண்டாவது உப்பு. "வெளிக்காற்றை உள்ளே விட்டால் ஏசியே தேவையில்லை" என்று யாராவது சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். கடற்கரை வீதியில் நாலைந்து வருடமான ஏசியின் வெளிப்பெட்டியைத் திறந்து பாருங்கள். செம்புக் குழாயைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடு விரலால் தொட்டதும் வெள்ளைத் தூளாக உதிரும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் காற்றிலிருந்து தானாகவே நீரை இழுத்துக் கரையும். நம் கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேலேதான். அது சேர்வர் அட்டையில் படிந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே வாழைச்சேனைக் கரையை மறந்துவிடுங்கள். செங்கலடிக்கு மேற்கே, இல்லாவிட்டால் அம்பாறை நகரப் பக்கம் போங்கள். வெயில் கூடத்தான், ஆனால் வெயிலுக்கு மருந்து இருக்கிறது.

பைனரி:

அந்த மருந்தைத்தான் நானும் சொல்ல வந்தேன், காக்கா. அறையைக் குளிர்விக்கும் பழக்கத்தையே விடுவோம். கணினிச் சில்லுக்கு மேலே செம்புத் தகடு வைத்து மூடிய குழாயில் தண்ணீரை ஓட விடுவது. ஜெர்மனியில் மியூனிக் பக்கத்தில் கார்ஹிங் என்ற இடத்தில் சூப்பர்மக் கணினி 2012 இலேயே இப்படி ஓடியது. உள்ளே போகும் தண்ணீர் 40 பாகைக்கு மேலே இருந்தாலும் அதற்குப் போதும். 40 பாகைத் தண்ணீரே போதுமென்றால் 35 பாகைக் கச்சான் காற்றும் நமக்குக் குளிர்காற்றுத்தான். கார் ரேடியேட்டரில் இருப்பதுபோல விசிறி ஊதினால் வேலை முடிந்தது. ஒருமுறை நிரப்பிய தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும், எதுவும் ஆவியாகாது. உன்னிச்சையிடம் கையேந்தவே தேவையில்லை.

கட்டார்_சில்லர்:

தத்துவம் சரி, கடையில் சாமான் வாங்கும்போது இடிக்கும். சில்லின் வெப்பம் தண்ணீரில் போகும். வன்தட்டு, மின்வழங்கி, வலையமைப்புப் பெட்டி இவற்றின் வெப்பம் காற்றில்தான் இருக்கும், அதற்கு ஒரு சின்ன ஏசியாவது வேண்டும். மின்கலத்துக்கும் வேண்டும். ஈய மின்கலம் 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுளில் பாதியை இழக்கும். அதோடு, நம்மிடம் உள்ள ஆஸ்பத்திரிச் சேர்வரும் மாவட்டச் செயலகச் சேர்வரும் காற்றுக்குச் செய்தவை, அவற்றுக்குச் செம்புத் தகடு பூட்ட யாரும் வரமாட்டார்கள். கட்டாரில் கட்டடத் தொகுதிகளைக் குளிர்விக்கச் சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துகிறார்கள், நல்ல யோசனை. ஆனால் அதற்கு ஊர் முழுக்கக் கழிவுக் குழாய் வேண்டும். நம் பக்கம் வீட்டுக்கு வீடு குழி.

மருதமுனைத்_தறி:

எல்லாரும் குழாயிலேயே நிற்கிறீர்கள். எதற்கு இது? அதை முதலில் சொல்லுங்கள். ஒரு மெகாவாட் மையத்தில் எத்தனை பேருக்கு வேலை? கதவில் காவலாளி, உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய தொழில்நுட்பக்காரர். ஒரு நடுத்தரமான கைத்தறிச் சாலை அதைவிடக் கூடுதல் பேருக்குச் சோறு போடும். கடலடிக் கேபிள்கள் மேற்கிலும் தெற்கிலும்தான் கரையேறுகின்றன. மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வெட்டினார்கள், டீசல் வரிசை வீதிமுனை வரை போனது. அந்த நேரம் ஜெனரேட்டருக்கு எங்கே போயிருப்பீர்கள்?

இன்னொன்று. 2004 இல் கடல் எங்கள் ஊருக்குள் எவ்வளவு தூரம் வந்தது என்று எங்கள் வீட்டு ஆட்களுக்குத் தெரியும். 1978 நவம்பர் சூறாவளியை மட்டக்களப்புக்காரர் இன்னும் மறக்கவில்லை. 2011 ஜனவரி வெள்ளமும் அப்படித்தான். இப்படிப்பட்ட மண்ணில் கோடிக்கணக்கான ரூபாய்ப் பெட்டிகளை அடுக்குவது யாருடைய புத்தி?

வாவிக்கரையான்:

தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி, மற்றவர்கள் ஆவியிலேயே நிற்கிறார்கள். பதில் இதுதான். கொழும்பில் பெரும்பாலும் வெள்ளம் வருவது தென்மேற்குப் பருவத்தில். 2016 மே மாதம் களனி கங்கை என்ன செய்தது என்று பார்த்தோம். நமக்கு வெள்ளம் கார்த்திகையிலிருந்து தை வரை. இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் மூழ்குவது அரிது. ஒரு நாட்டின் ஆஸ்பத்திரிப் பதிவும் காணிப் பதிவும் இரண்டு பிரதியாக இருக்க வேண்டுமென்றால் இரண்டாவது பிரதிக்கு எதிர்ப் பருவத்து ஊரைவிட நல்ல இடம் எது? தூரமும் தடையில்லை. 400 கிலோமீற்றர் கண்ணாடி இழையில் போய்த் திரும்ப 4 மில்லிசெக்கன். அதற்குக் கடலடிக் கேபிள் நம் கரையில் ஏற வேண்டியதில்லை.

மின்சாரம். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்டதே. அன்று முற்பகல் பாவனை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் அதிகம், அதனால்தான் கட்டமைப்பு ஒரு அடியையும் தாங்கவில்லை. நண்பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, தின்ன ஆளில்லை. பிரதி எடுப்பது, பழைய கோப்புகளைச் சுருக்குவது போன்ற அவசரமில்லாத வேலைகளை நண்பகலில் ஓட்டி இரவில் அடக்கி வாசிக்கிற மையத்தை இங்கே வடிவமைக்கலாம். விட்டுக்கொடுக்காது என்றாரே வாத்தியார், இது விட்டுக்கொடுக்கும்.

களப்புத் தண்ணீரையும் நான் இன்னும் விடவில்லை. 40 பாகை போதுமென்றால் 29 பாகைக் களப்பு தாராளம்.

வட்டவிதானை:

களப்பைத் தொடாதே. அது ஆழமில்லாத நீர். கோடையில் முகத்துவாரம் மணலால் மூடிக்கொண்டால் உள்ளே போனது வெளியே போகாது. வெள்ளம் வந்தால்தான் வெட்டித் திறப்பார்கள். ஏற்கெனவே சூடேறிக் கிடக்கும் தண்ணீரில் இன்னும் வெப்பத்தைக் கொட்டினால் இறாலும் நண்டும் யாரிடம் போய் முறையிடும்? ஆழ்கடல் குளிர்நீர் வேண்டுமென்றால் திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கிறது, அதைத் திருகோணமலைக்காரர் பேசட்டும்.

இரண்டாவது பிரதி என்ற பேச்சை மட்டும் நான் தள்ளவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. அந்தக் கட்டடத்துக்கு ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் அரை அங்குலக் குழாய்தான். ஒப்பந்தத்தில் குழாயின் விட்டத்தை எழுதுங்கள். "நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும்" என்ற வசனமெல்லாம் வேண்டாம். குழாய் சின்னதாக இருந்தால் பொறியியலாளர் தானாகவே தம்பி சொன்ன ரேடியேட்டருக்கு வருவார்.

பைனரி:

சேர், எனக்குச் சம்மதம். ஆனால் விசிறிக்கும் அந்தச் சின்ன ஏசிக்கும் கச்சான் காலத்தில் கூடுதல் மின்சாரம் போகும். தண்ணீரை மிச்சம் பிடித்த செலவு மின்பட்டியலில் வரும்.

கட்டார்_சில்லர்:

வரட்டும். கச்சான் வெயில் ஏறும் நேரம்தான் சூரியத் தகடும் முழுதாக வேலை செய்யும் நேரம். இரவுக்கு என்ன என்று கேட்காதீர்கள். ஒரு மெகாவாட்டை இரவு பகல் ஓட்ட 6 மெகாவாட் தகடும் அதற்கேற்ற மின்கலமும் வேண்டும், அந்தக் காசு இந்தத் திட்டத்தில் வராது. இரவில் மின்சார சபையை நம்பித்தான் ஆக வேண்டும். இடத்துக்கு ஒரு சொல்: 2011 வெள்ளம் ஏறாத மேடு, தரைத்தளத்தில் வாகனம் மட்டும், ஜெனரேட்டரும் மின்கலமும் மாடியில். கிழக்கு மேற்குச் சுவர் குறுகலாக, ஜன்னல் இல்லாமல், இரட்டைக் கூரை. இதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை, ஊர் மேசன்மாருக்கே தெரியும்.

மருதமுனைத்_தறி:

மேசன்மாருக்குக் கட்டும்வரை வேலை. மறுகா? வாவிக்கரையான் காக்கா, பிரதி வைப்பதில் வரும் வாடகைக் காசு எந்தச் சபையின் கணக்கில் விழும் என்பதையும் குழாய் விட்டத்துக்குக் கீழே அடுத்த வரியாக எழுதுங்கள். அதை வாசித்துவிட்டு நான் கட்சி மாறுவதா இல்லையா என்று சொல்கிறேன்.