'சியாஜ்': தமிழில் என்ன சொல்வது? (வெள்ளிக்கிழமைக்குள் தேவை)

புதுவை மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர்க்கு வணக்கம். ஒரு சிற்றிதழுக்காகப் பிரெஞ்சுக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கெர்லேன் நிறுவனத்தின் 'வேத்திவேர்' என்னும் ஆண்களுக்கான வாசனைத் திரவியத்தைப் பற்றியது. 1959இல் ழான்-போல் கெர்லேன் தம் இருபதுகளின் தொடக்கத்தில் செய்தது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. பெயரைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், நம் வெட்டிவேர்தான். நம்மிடமிருந்து பிரெஞ்சுக்குப் போன சொல் என்பதால் அதில் எனக்கு வேலை இல்லை. தொல்லை தருவது 'சியாஜ்'.

கப்பல் கடந்துபோன பிறகு நீரில் கிடக்கும் தடத்துக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர். வாசனைத் தொழிலில், பூசியவர் கடந்துபோன பிறகு காற்றில் நிற்கும் மணத்தையும் அதே சொல்லால் குறிக்கிறார்கள். கட்டுரையின் உயிரே இதில்தான் இருக்கிறது. இந்த மணம் கை நீட்டும் தூரத்தைத் தாண்டுவதில்லை, அருகே வந்தவருக்கு மட்டுமே கிடைக்கிறது, அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அலுக்கவில்லை என்கிறார் ஆசிரியர். பதினோரு இடங்களில் இந்தச் சொல் வருகிறது. ஒவ்வொரு முறையும் விளக்கி எழுத முடியாது. இப்போதைக்கு 'மணத்தடம்' என்று வைத்திருக்கிறேன். திருப்தி இல்லை.

இன்னொன்று: முதலில், நடுவில், கடைசியில் எழும் மணங்களை இசைச் சொல்லால் குறிக்கிறார்கள். தலைச்சுரம், நெஞ்சுச்சுரம், அடிச்சுரம் என்று போட்டிருக்கிறேன். சரியா?

இலக்கணப்பித்தன்:

அம்மா, தலைச்சுரம் என்று எழுதினால் வாசகர் கசாயம் தேடுவார். நெஞ்சுச்சுரத்துக்கு மருத்துவமனையே போய்விடுவார். அதைப் பிறகு பார்ப்போம்.

மணம் என்றால் திருமணமும்தான். 'மணத்தடம்' மணவறைக்குப் போகும் வழியைப் போல ஒலிக்கிறது. தமிழில் இதற்கு நேரான சொல் நாற்றம். 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்கிறது குறள் 1274. மொட்டு இன்னும் விரியவில்லை, மணம் உள்ளேயே அடங்கியிருக்கிறது. நீங்கள் சொல்லும் அடக்கமான வாசனைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று எந்த மொழியில் கிடைக்கும்? 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று ஆண்டாள் கேட்டது துர்நாற்றத்தைப் பற்றியா? ஆகவே என் பரிந்துரை 'நாற்றத்தடம்'. சொல்லை நாம்தான் கெடுத்தோம், நாம்தான் மீட்க வேண்டும்.

வேதியியல் ஆசிரியை:

ஐயா, மீட்பதை வேறு ஒரு கட்டுரையில் தொடங்கலாம். 'இந்தத் திரவியத்தின் நாற்றத்தடம் கை நீட்டும் தூரத்தைத் தாண்டுவதில்லை' என்று என் பதினொன்றாம் வகுப்பில் வாசித்தால், அந்தப் பாடவேளை அத்தோடு முடிந்தது.

சொல் தேடும் முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். இங்கே மூன்று செய்திகள் குழம்புகின்றன. எவ்வளவு நேரம் தோலில் நிற்கிறது என்பது ஒன்று. நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் பரவுகிறது என்பது மற்றொன்று. ஆள் நகர்ந்த பின் காற்றில் எதை விட்டுப்போகிறார் என்பதுதான் சியாஜ். முதலாவது நிறைய இருந்து மூன்றாவது குறைவாக இருக்கலாம். வெட்டிவேர் எண்ணெயில் பெரும்பாலானவை பதினைந்து கரியணுக்கள் கொண்ட கனமான மூலக்கூறுகள். மெதுவாகத்தான் ஆவியாகும். எலுமிச்சை வகை மணங்களில் பத்துக் கரியணு மூலக்கூறுகள் அதிகம்; அவை முதலில் பறந்துவிடும். அதனால்தான் கெர்லேனின் வேத்திவேர் எலுமிச்சையும் பெர்கமோட்டுமாகத் தொடங்கி, மிளகும் ஜாதிக்காயும் காட்டி, மண்ணும் புகையிலையுமாகத் தோலோடு படிகிறது. சட்டைக் காலரில் மறுநாளும் இருக்கும், அடுத்த அறைக்குப் போகாது.

நேர்மாறாக, தியோர் நிறுவனத்துக்காக எத்மோன் ருத்னிட்ஸ்கா 1966இல் செய்த 'ஓ சோவாஜ்' இருக்கிறது. அதில் ஹெடியோன் என்னும் மல்லிகைச் சாயல் கொண்ட செயற்கைப் பொருளைச் சேர்த்தார். அதுவும் சத்தம் போடாத வாசனைதான், ஆனால் கொஞ்சம் காற்றோட்டமானது. இரண்டின் சியாஜும் ஒன்றல்ல. நமக்கு வேண்டிய சொல் 'அகன்ற', 'குறுகிய' போன்ற அடைமொழிகளைத் தாங்க வேண்டும்.

மணவீச்சு என்று யாராவது சொல்லும் முன் தடுத்துவிடுகிறேன். வீச்சம் என்றால் மீன் ஞாபகம் வரும்.

கடலூர்க்காரன்:

மீனைக் குறை சொல்லாதீர்கள் அம்மா, கடற்கரையில் பிறந்தவன் நான்.

எங்கள் பக்கத்து மணல் நிலத்தில் வெட்டிவேர் பயிரிடுகிறார்கள். வேர் எடுத்த அன்று அந்தத் தெருவில் நடந்தால் சட்டையெல்லாம் ஏறிக்கொள்ளும். என் பாட்டி மண்பானைத் தண்ணீரில் ஒரு பிடி போட்டு வைப்பார். கோடையில் சன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்போம். பாரிஸில் ஒருவர் அதைப் புட்டியில் அடைத்துக் கனவான்களுக்கு விற்றார் என்பது இன்றுதான் தெரியும். அந்த எண்ணெயை எங்கிருந்து வாங்குகிறார்கள்?

சொல்லுக்கு வருகிறேன். 'வாசம்' போதாதா? 'அவர் போன பிறகும் வாசம் இருந்தது.' எங்கள் வீட்டில் எல்லாருக்கும் புரியும்.

வேதியியல் ஆசிரியை:

இன்று வெட்டிவேர் எண்ணெய்க்கு ஹைத்திதான் பெரிய மூலம், ஜாவாவும் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து உலகெங்கும் பரவிய வகை பெரும்பாலும் விதை கொடுப்பதில்லை. தூரைப் பிரித்து நட்டு நட்டே கடல் கடந்திருக்கிறது.

இலக்கணப்பித்தன்:

செடி போன வழியிலேயே பெயரும் போயிற்று! வெட்டி எடுக்கப்படுவதால் வெட்டிவேர். வினையெச்சத்தின் மேல் பெயர் வந்து தொகையாக நிற்பது அரிது, கவனியுங்கள். வடமொழியில் உசீரம், இந்தியில் கஸ். பிரெஞ்சுக்காரன் இரண்டையும் விட்டு நம் சொல்லை ஏன் எடுத்தான்? புதுச்சேரியில் கேட்டிருப்பான். ஆனால் 'வெட்டி' என்பது வினையெச்சம்தானா, அல்லது 'வெறி' திரிந்து 'வெட்டி' ஆயிற்றா? வெறி என்றால் பழந்தமிழில் நறுமணம். வெறிவேர், வெற்றிவேர், வெட்டிவேர்...

கடலூர்க்காரன்:

நாங்கள் வெட்டுவதில்லை ஐயா, தோண்டுகிறோம்.

இலக்கணப்பித்தன்:

பார்த்தீர்களா! வினையெச்சம் அடிபட்டது. வெறிவேர் கட்சிக்கு ஒரு வாக்கு.

புதுவை மொழிபெயர்ப்பாளர்:

இன்று புதன். வெறியையும் வெட்டியையும் அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா? தடம், சுவடு, வழி, கோடு இவற்றில் எது?

தனித்தமிழ் அன்பன்:

வாசம், வாசனை இரண்டும் வடசொற்கள். குழுவின் கொள்கைப்படி அவை வேண்டா. விரை, கடி, நறை எல்லாம் மணத்தைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொற்கள். 'விரைச்சுவடு' என முன்மொழிகிறேன்.

வேதியியல் ஆசிரியை:

ஐயா, விரை என்றால் இன்று எதைக் குறிக்கும் என்று யோசித்துத்தான் எழுதினீர்களா? ஆண்களுக்கான வாசனைத் திரவியத்தைப் பற்றிய கட்டுரையில்?

தனித்தமிழ் அன்பன்:

திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பழைய உறுப்பினர்:

நீண்ட நாளாகப் படிப்பதோடு நின்றுவிட்டவன். ஒன்று மட்டும். 'வாசனை'யை வடசொல் என்று தள்ளும் முன் நம் பேச்சில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். 'பூர்வஜன்ம வாசனை' என்கிறோம். 'படிப்பு வாசனையே இல்லாதவன்' என்கிறோம். இரண்டிலும் மூக்குக்கு வேலை இல்லை. வந்து போனது விட்டுச்சென்ற மிச்சத்தைத்தான் சொல்கிறோம். பிரெஞ்சுக்காரருக்குக் கப்பல் தேவைப்பட்டது. நமக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே மிச்சம் இருக்கிறது. சியாஜுக்கு வாசனை என்றே எழுதி, திரவியத்தின் மணத்துக்கு மணம் என்று எழுதினால் போதும்.

வேதியியல் ஆசிரியை:

அழகாகச் சொன்னீர்கள், ஆனால் நடைமுறைக்கு ஒத்துவராது. 'மணம் நல்லது, வாசனை குறைவு' என்று எழுதினால் அச்சுக்கூடத்துக்காரர் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்.

சொல்லும் பொருளும் அப்படியே ஒட்ட வேண்டும் என்று நாம் ஏன் இவ்வளவு வருந்துகிறோம்? ஊபிகான் நிறுவனம் 1882இல் 'ஃபூஜேர் ருவயால்' என்று ஒன்றை வெளியிட்டது. அரசப் பெரணி என்று பொருள். பெரணிக்குச் சொல்லும்படியான மணமே கிடையாது. இன்றும் ஆண்கள் வாசனையில் ஒரு பெரும் வகைக்கே அதுதான் பெயர். ஓரளவு பொருந்தினால் போதும், பழக்கம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 'நறுஞ்சுவடு' என் தேர்வு. குறுகிய நறுஞ்சுவடு, அகன்ற நறுஞ்சுவடு, இரண்டும் வருகின்றன. திருமணக் குழப்பமும் இல்லை.

தனித்தமிழ் அன்பன்:

நறுஞ்சுவடு நன்று. ஆதரிக்கிறேன்.

இலக்கணப்பித்தன்:

புணர்ச்சி சரி. பொருள் சரியில்லை. சுவடு காலடிக்கு உரியது, மண்ணில் பதிவது. காற்றில் எப்படிப் பதியும்? கப்பலுக்குக் கால் உண்டா?

கடலூர்க்காரன்:

படகு போன பின் தண்ணீர் கொஞ்ச நேரம் வழவழவென்று ஒரு பாதையாகக் கிடக்கும். நான் பார்த்திருக்கிறேன். கால் இல்லாமல்தான் அது பதிகிறது ஐயா. நறுஞ்சுவட்டுக்கு நானும். ஆனால் எங்கள் வீட்டில் படித்துக் காட்டினால் வாசம் என்றுதான் சொல்வார்கள்.

பழைய உறுப்பினர்:

பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. வாசனை என்று நான் சொன்னது பதிவில் இருக்கட்டும்.

புதுவை மொழிபெயர்ப்பாளர்:

அனைவர்க்கும் நன்றி. நேற்றிரவு அனுப்பிவிட்டேன். ஏழு இடங்களில் நறுஞ்சுவடு. மூன்று இடங்களில் பெயர்ச்சொல்லே வேண்டியிருக்கவில்லை, 'அவர் போன பின்பும் கமழ்ந்தது' என்று வினையாக்கிவிட்டேன். அவைதான் எனக்குப் பிடித்த வரிகள். கடைசி வரியில் மட்டும் பழைய உறுப்பினர் சொன்ன வாசனையை வைத்தேன். இதழாசிரியர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

'சியாஜ்' என்ற ஒலியை முதல் முறை வரும் இடத்தில் அப்படியே கொடுத்திருக்கிறேன். கிரந்த ஜகரத்துக்காகத் தனித்தமிழ் அன்பன் ஐயா பொறுத்தருள வேண்டும்.

தனித்தமிழ் அன்பன்:

ஜகரம் எதற்கு? அந்தப் பிரெஞ்சு ஒலிக்கு ழகரமே நெருக்கம். ழான்-போல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 'சியாழ்' என்றால் யாழும் உள்ளே வந்துவிடுகிறது.

இலக்கணப்பித்தன்:

ழகரம் நாவை வளைத்துச் சொல்வது, பிரெஞ்சு ஒலி அப்படியன்று. தொல்காப்பியப் பிறப்பியலிலிருந்து தொடங்கித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். சுவடு பற்றிய என் மறுப்பும் அப்படியே நிற்கிறது.

கடலூர்க்காரன்:

தலைச்சுரம் என்ன ஆயிற்று?

புதுவை மொழிபெயர்ப்பாளர்:

ஐயோ. அப்படியே போய்விட்டது.