மறு: கையடக்கக் கன்சோல்களில் ‘பேட்ச்’, ‘ரிவிஷன்’, ‘ஏர்லி அடாப்டர்’ – தமிழில் என்ன?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். கையடக்கக் கன்சோல்கள் (கையில் பிடித்து விளையாடும் கருவிகள்) பற்றிய நம் கட்டுரைகளுக்கு வேண்டிய மூன்று சொற்களையும் ஒரே மடலில் கேட்டதால் பேச்சு மூன்று திசையில் போய்விட்டது. நான் ‘பேட்ச்’ (batch, ஒரே தடவையில் செய்து வெளியிடும் கருவிகள்) என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது சரியாக அமைந்தால் மற்ற இரண்டும் தானாக வழிக்கு வரும்.

> ‘தொகுதி’ போதுமே ஐயா. எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான். ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம். தேர்தலில் ஒரு பொருள், நூலில் ஒரு பொருள், நிரலில் இன்னொரு பொருள். அதோடு, தொகுதி என்றால் சேர்த்து வைத்தது என்றுதான் மனத்தில் படும். ஒரே தடவையில், ஒரே பக்குவத்தில் வெளிவந்தது என்பது அதில் இல்லை. கன்சோல் வாங்குபவருக்கு வேண்டியது அந்தப் பொருள்தான்.

நான் முன்பே சொன்னதுதான் என் முன்மொழிவு: ஈடு. இட்லிப் பானையில் ஒரு தடவை ஊற்றி எடுப்பது ஒரு ஈடு. முதல் ஈடு வெந்ததும் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுப் பார்த்து, உப்புக் குறைந்தால் மாவில் சேர்த்துவிட்டு அடுத்த ஈடு ஊற்றுவோம். அதே மாவு, அதே தட்டு, அதே பெயர். உள்ளே ஒன்று மாறியிருக்கிறது. இலக்கணமும் இடிக்கவில்லை. இடு என்பதன் முதனிலை நீண்டு ஈடு. சுடு சூடு ஆனதும் கெடு கேடு ஆனதும் இப்படித்தான்.

இந்தச் சொல் எங்கே உதவும் என்பதற்குப் பண்டோராவைச் சொல்கிறேன். மடக்கினால் சட்டைப்பைக்குள் போகிற, சிறு விசைப்பலகை வைத்த லினக்ஸ் கன்சோல். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. ஜிபி2எக்ஸ் என்ற முந்தைய கையடக்கக் கன்சோலைப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஆர்வலர்களே கூடிச் செய்தது. 2008 செப்டம்பர் இறுதியில் முன்பதிவு தொடங்கியது. முதல் கருவிகள் கைக்கு வந்தது 2010 மே மாதத்தில். அதற்குப் பிறகும் வரிசையில் நின்றவர்கள் ஏராளம். முதலில் வந்தவற்றில் 256 மெகாபைட் நினைவகம், 600 மெகாஹெர்ட்ஸ் செயலி. மின்சுற்றுப் பலகைத் தயாரிப்பு ஜெர்மனிக்கு மாறிய பிறகு வந்தவற்றில் நினைவகம் 512 ஆனது. அதற்கும் பின்னால் செயலியே மாறி 1 கிகாஹெர்ட்ஸ் வந்தது. வெளிக்கூடு ஒன்றுதான், விசைகள் இருந்த இடத்தில்தான் இருந்தன. மேசைமேல் மூன்றையும் மூடி வைத்தால் எது எதென்று சொல்வது கடினம்.

இதில் என்னை விடாமல் பிடித்திருப்பது பணத்தின் கதை. 2008இல் கட்டியவர்களின் காசில்தான் தயாரிப்பே தொடங்கியது. அந்தக் காசு இல்லையென்றால் 1 கிகாஹெர்ட்ஸ் கருவியே கிடையாது. ஆனால் நினைவகம் அதிகம் கேட்கும் நிரல் வந்தபோது திணறியது அவர்கள் கையில் இருந்த கருவி. அந்தக் கருவிக்காக எழுதியவர்களும் தங்கள் நிரல் எந்த ஈட்டில் ஓடும், எதில் ஓடாது என்று சொல்லியாக வேண்டியிருந்தது. ‘இது இரண்டாம் ஈட்டிலிருந்துதான் ஓடும்’ என்று எழுதிப் பாருங்கள். விளக்கமே வேண்டாம்.

இனி எதிர்ப்புகள். இரண்டுமே வலுவானவை.

> எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் ஈடு எண்டால் அடகுதான். வீட்டை ஈடு வைக்கிறது எண்டு சொல்லுவம். கன்சோலை ஈடு வைச்சிட்டியோ எண்டு கேப்பினம், அண்ணை.

உண்மை. தமிழ்நாட்டிலும் ஈடு கட்டுவது, ஈடு செய்வது என்ற பொருள் உண்டு. ஆனால் அங்கெல்லாம் பின்னால் ஒரு வினை வருகிறது: வை, கட்டு, செய். நாம் எண்ணோடு சேர்த்து ஆள்கிறோம்: இரண்டாம் ஈடு, மூன்றாம் ஈட்டுக் கருவி. எண் முன்னால் நின்றால் அடகு நினைவுக்கு வராது என்று நினைக்கிறேன். இழப்பீடு என்ற பொருளில் ஈடு என்று தனியாக எழுதுவதை மட்டும் இந்தக் கட்டுரைகளில் தவிர்ப்போம்.

> முதல் + ஈடு = முதலீடு! தலை + ஈடு = தலையீடு! இரண்டு வாசலும் அடைத்துவிட்டதே.

இதைக் கண்டுபிடித்த தம்பிக்கு நன்றி. எழுத்தில் இடம் விட்டு ‘முதல் ஈடு’ என்று எழுதித் தப்பிக்கலாம், காதில் தப்பிக்க முடியாது. ஆகவே முதலாவதற்கு மட்டும் எண்ணைப் பின்னால் போடுவோம்: ஈடு 1. வாயால் சொல்லும்போது ‘ஒன்றாம் ஈடு’. ஒன்றாம் வகுப்பு என்று சொல்கிற நாக்குக்கு இது புதிதில்லை.

சரி, அடுத்தது ‘ரிவிஷன்’. நமக்கு வேண்டியது புதுப் பெயரோடு வரும் புது மாதிரிக்கான சொல் கிடையாது. அதற்கு ‘மாதிரி’ இருக்கிறது. பெயரை மாற்றாமல், சில சமயம் வாய்கூடத் திறக்காமல், உள்ளே மட்டும் மாற்றுகிறார்களே, அதற்குத்தான் சொல் இல்லை. ‘உள்மாற்றம்’ என்று வைக்கலாம்.

நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி கன்சோல் நல்ல எடுத்துக்காட்டு. 2003இல் வந்தபோது திரையின் முன்புறத்திலிருந்து ஒளி விழும். 2005இல் அதே பெயரில், அதே மடிப்புக் கூட்டில், பின்னொளித் திரையோடு இன்னொன்று வந்தது. அடியில் உள்ள ஒட்டியில் ஏஜிஎஸ்-001 என்பது ஏஜிஎஸ்-101 ஆகியிருக்கும். ஒட்டி கிழிந்துபோயிருந்தாலும் கண்டுபிடிக்கலாம். திரைக்குக் கீழே சூரியப் படம் போட்ட பொத்தானை அழுத்துங்கள். விளக்கு முழுதாக அணைந்தால் பழையது. அணையாமல் மங்கலுக்கும் பளிச்சுக்கும் மாறி மாறிப் போனால் 101. பழைய கருவி வாங்கப் போகிறவர்கள் இன்றைக்கும் முதலில் தொடுவது அந்தப் பொத்தானைத்தான்.

நின்டெண்டோ ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்தது. 2019இல் அதே பெயர், அதே 299.99 டாலர் விலை, அதே 4310 மில்லிஆம்பியர்-மணி மின்கலம். ஆனால் உள்ளே செயலி 20 நானோமீட்டரிலிருந்து 16க்குப் போனது. இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் ஓடியது, நாலரை முதல் ஒன்பது மணி நேரம் ஓடத் தொடங்கியது. வரிசை எண் எக்ஸ்ஏடபிள்யூ என்று தொடங்கினால் பழையது, எக்ஸ்கேடபிள்யூ என்றால் புதியது. உள்மாற்றம் என்ற சொல் இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

> மாற்றம் என்பானேன்? நல்லதுக்குத்தானே மாற்றுகிறார்கள். ‘மேம்படுத்தல்’ என்றே சொல்லலாம்.

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மேம்படுத்தல் என்பது விற்பவரின் சொல். வாங்கியவர் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லா மாற்றமும் மேலே போவதில்லை. சோனியின் வீட்டா கன்சோல் 2011இல் ஓலெட் திரையோடு வந்தது. 2013இல் வந்த 2000 வரிசையில் எடை குறைந்தது, மின்கலம் கூடுதல் நேரம் நின்றது, ஆனால் ஓலெட் போய் எல்சிடி வந்தது. முந்தி வாங்கியவரின் திரைதான் அழகு என்று சொல்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் கன்சோலில் 2022இல், விற்பனை நடந்துகொண்டிருந்தபோதே, சேமிப்பகத்துக்குத் தரவு போய்வரும் தடங்கள் சில கருவிகளில் நாலிலிருந்து இரண்டாகக் குறைந்தன. விளையாட்டில் வேறுபாடு தெரியாது என்றது வால்வ். அப்படியே இருக்கட்டும், அதை மேம்படுத்தல் என்று எழுத முடியாதே. ஸ்விட்சிலேயே பாருங்கள். 2018இல் செயலியின் தொடக்க நினைவகத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. மென்பொருள் புதுப்பிப்பால் அதை அடைக்க முடியாது. அடுத்து வந்த கருவிகளில் ஆலையிலேயே அடைத்தார்கள். சொந்த நிரலை ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் தேடி வாங்குவது ஓட்டையுள்ள பழைய கருவியை. யாருக்கு மேம்பாடு என்று கேட்டால் இரண்டு விடை வரும். மாற்றம் என்ற சொல் யார் பக்கமும் சாயாது.

மூன்றாவது, ‘ஏர்லி அடாப்டர்’, அதாவது முந்தி வாங்குபவர். ‘முன்கூட்டிய ஏற்பாளர்’ என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். யார் வாயிலும் நுழையாது. ‘முன்னோடி’ அழகான சொல், ஆனால் அது வழி திறந்தவருக்கு உரியது. ஓர் அன்பர் ‘முந்திரிக்கொட்டை’ என்றே வைக்கலாம் என்றார். வேண்டாம், அதில் திட்டு இருக்கிறது. பொருள் கண்ணில் படும் முன்னே காசைக் கொடுத்து, குறையையும் தாங்கி, அந்தக் குறை என்னவென்று எழுதி அனுப்பி அடுத்த ஈட்டைச் சீராக்குகிறவரைத் திட்டுகிற சொல்லால் அழைப்பது எனக்கு வருத்தமாக இருக்கும்.

‘முந்துநர்’ என்று முன்வைக்கிறேன். ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் வரிசையில் உட்காரும். (முந்துனர் என்று எழுதிவிட வேண்டாம், விகுதி நர்.) புகழ்ச்சியும் இல்லை, ஏளனமும் இல்லை.

நின்டெண்டோ 3டிஎஸ் இதற்குச் சோதனை. 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென். ஆகஸ்டில் 15,000 யென். ஆறு மாதம்கூட ஆகவில்லை. முன்னால் வாங்கியவர்களை நிறுவனம் ‘தூதர்கள்’ என்று அழைத்து, பழைய விளையாட்டுகள் 20 இலவசமாகக் கொடுத்தது. தூதர் என்ற சொல்லை நாம் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது என்பேன். தூதர் யாரோ அனுப்பிப் போகிறவர், முந்துநர் தானாக வந்தவர். ‘விலைக் குறைப்புக்குப் பின் முந்துநர்களுக்கு 20 விளையாட்டுகள் இழப்பீடாகக் கிடைத்தன’: இந்த வாக்கியம் உறுத்தாமல் வருகிறதா என்று படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. நிறுவனம் ஈட்டு எண்ணை வெளியே சொல்லாதபோது பயனர்கள் வரிசை எண்ணை வைத்துத் தாங்களே பிரிக்கிறார்கள். அந்தப் பிரிவையும் ஈடு என்றே சொல்வதா, ‘ஈட்டுக் கணிப்பு’ என்று தனியே காட்டுவதா? ஆலையின் கணக்கும் நம் ஊகமும் ஒன்றாகிவிடக் கூடாது என்பதால் நான் பின்னதன் பக்கம். யாழ்ப்பாண நண்பர் ‘ஒன்றாம் ஈடு’ பற்றி ஒரு வரி எழுதிய பிறகு மூன்று சொற்களையும் விக்சனரியில் எடுத்துக்காட்டோடு பதிந்துவிடுகிறேன்.

அன்புடன்.